சாட்டிலைட் காட்டுவது மேகத்தின் முதுகை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒருவர், சான்பிரான்சிஸ்கோவில் ஜூலை மாதத்தில் ஏன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்று கேட்டிருந்தார். கடலிலிருந்து வரும் மூடுபனிதான் காரணம், சந்தேகம் இருந்தால் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள் என்று நாலு வரியில் முடித்துவிட்டேன். அந்தக் கடைசி வரிதான் வினையாகிவிட்டது. படத்தைப் பார்த்துக் குழம்பியவர்கள் பாதிப் பேர், எங்கே பார்ப்பது என்று தெரியாதவர்கள் மீதிப் பேர், எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஆகவே இந்த இதழில் பக்கம் முழுக்கப் பனிதான், கர்சீஃப் கட்டிக்கொண்டு வாசிக்கவும்.

கேள்வி: போன சனிக்கிழமை ஹாஃப் மூன் பே கடற்கரைக்குப் போகலாம் என்று கிளம்பினோம். போனில் சாட்டிலைட் படத்தைப் பார்த்தால் கரை முழுக்க ஒரே வெள்ளை. குழந்தைகளை வைத்துக்கொண்டு பனியில் எப்படி வண்டி ஓட்டுவது என்று போகாமல் விட்டுவிட்டோம். அங்கேயே இருக்கும் தோழி மத்தியானம் போன் செய்து, "பனியே இல்லையே, வானம் மூடியிருந்தது அவ்வளவுதான், கடலில் ரொம்ப தூரத்துக்குத் தெரிந்தது" என்கிறாள். படம் பொய் சொல்லுமா சார்?
வாசகி, ஃப்ரீமான்ட்

பதில்: பொய் சொல்லாதும்மா, ஆனால் பாதிதான் சொல்லும். செயற்கைக்கோள் இருப்பது மேலே. அதற்குத் தெரிவது மேகத்தின் முதுகு மட்டும். வயிறு எங்கே இருக்கிறது, தரையில் தவழ்கிறதா, இல்லை தலைக்கு மேல் முந்நூறு மீட்டரில் தொங்குகிறதா என்று அதற்குத் தெரியாது. கொடைக்கானல் ஏரிக்கரையில் பனிக்குள் நிற்பவருக்கு அது பனி. அதே நேரம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பவருக்கு அது மலையில் உட்கார்ந்திருக்கும் மேகம். பொருள் ஒன்றுதான், நாம் எங்கே நிற்கிறோம் என்பதில்தான் பெயர் மாறுகிறது. வானிலைக்காரர்கள் கணக்கில், தரையில் நிற்பவருக்குப் பார்வைத் தூரம் 1 கி.மீ.க்குக் கீழே போனால்தான் மூடுபனி, அதற்கு மேல் இருந்தால் வெறும் தாழ்மேகம். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பால் ஊற்றிய தாம்பாளம்தான்.

இது செயற்கைக்கோள் காலத்துச் சிக்கல் மட்டும் இல்லை. சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பாயின்ட் ரேய்ஸ் முனையில் 1870-இல் ஒரு கலங்கரை விளக்கம் கட்டினார்கள். செங்குத்தான பாறை இருக்கிறது, அதன் உச்சியில் கட்டினால் எவ்வளவு தூரம் தெரியும்! ஆனால் உச்சியில் கட்டவில்லை. 313 படி இறங்கிப் போகிற மாதிரி பாறையின் நடுவில் கட்டினார்கள், ஏனென்றால் அந்தக் கரையில் பனி பெரும்பாலும் உயரத்தில் நிற்கும், அதற்குக் கீழே விளக்கு இருந்தால்தான் கப்பல்காரன் கண்ணில் படும். அந்த மனிதர்களுக்கு மேகத்தின் வயிறு எந்த உயரத்தில் இருக்கும் என்று அனுபவத்தில் தெரிந்திருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? படத்தோடு சேர்த்துப் பக்கத்து விமான நிலையத்தின் வானிலைக் குறிப்பையும் பாருங்கள். ஹாஃப் மூன் பேயிலேயே சின்ன விமான நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே வானத்தைப் பார்த்து லேசர் அடித்து, அது மேகத்தின் அடியில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து உயரத்தைச் சொல்லும் கருவி இருக்கும். குறிப்பில் ஓவிசி 008 என்றிருந்தால் வானம் முழுக்க மூடியிருக்கிறது, ஆனால் மேகத்தின் அடி 800 அடி உயரத்தில் இருக்கிறது, தாராளமாகப் போகலாம். எஃப்ஜி என்ற எழுத்துகளோடு விவி 002 என்று வந்தால் மேலே 200 அடி வரைதான் கண் போகும், அன்றைக்கு வீட்டிலேயே பஜ்ஜி போடுங்கள். ஒன்று, நீங்கள் பயந்ததும் முழுத் தப்பில்லை. 92-ஆம் நெடுஞ்சாலை மலைமுகட்டைத் தாண்டித்தான் இறங்குகிறது, கடற்கரை தெளிவாக இருக்கும் நாளிலும் அந்த முகடு மட்டும் மேகத்துக்குள் இருக்கலாம்.

கேள்வி: கோடையில் எப்படிப் பனி வரும்? மார்கழியில் வந்தால் நியாயம்.
வாசகர், மதுரை

பதில்: நம் மார்கழிப் பனி தரை குளிர்வதால் வருவது. கலிபோர்னியாவின் கோடைப் பனி கடல் குளிர்ந்திருப்பதால் வருவது. கலிபோர்னியா கரையோரமாக வசந்தத்திலும் கோடையிலும் வடமேற்குக் காற்று அடிக்கிறது. பூமி சுழல்வதால் மேல்மட்டத் தண்ணீர் காற்றின் திசையிலேயே போகாமல் வலப்பக்கமாக, அதாவது கரையை விட்டு விலகி நகர்கிறது. அந்தக் காலி இடத்துக்கு ஆழத்திலிருந்து சில்லென்ற தண்ணீர் மேலே வருகிறது. ஜூனில்கூட அங்கே கடல்நீர் 11, 12 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும், கால் நனைத்தால் எலும்பு வலிக்கும். பசிபிக்கின் நடுவிலிருந்து வரும் ஈரக்காற்று இந்தத் தண்ணீர்மேல் ஓடும்போது அடிப்பக்கம் குளிர்ந்து பனியாகிறது. அதற்கு மேலே, பசிபிக் கடல்மேல் நிற்கும் உயரழுத்தப் பகுதியிலிருந்து இறங்கிவரும் சூடான வறண்ட காற்று ஒரு மூடி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. இட்லிப் பானைக்கு மூடி போட்ட மாதிரிதான், உள்ளே இருப்பது வெளியே போக வழியில்லை. அந்தப் பக்கம் சேக்ரமென்டோ பள்ளத்தாக்கில் 38 டிகிரி வெயில் கொளுத்தும், அங்கே சூடான காற்று மேலே கிளம்ப, இந்தக் குளிர்ந்த காற்று பனியோடு சேர்ந்து கோல்டன் கேட் இடைவெளி வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது.

மூடியின் உயரம் நாளுக்கு நாள் மாறும். சில நாள் கோல்டன் கேட் பாலத்தின் 227 மீட்டர் கோபுரங்களின் தலை மட்டும் வெளியே தெரியும், சில நாள் அதுவும் மூழ்கி, குன்றின்மேல் நிற்கும் சூட்ரோ டவர் என்ற ஒளிபரப்புக் கோபுரத்தின் கொம்புகள் மட்டும் வெள்ளைக் கடலில் கப்பல் பாய்மரம் மாதிரி நிற்கும்.

கடலை ஒட்டிய டேலி சிட்டியில் தம்பி வீட்டில் ஒரு ஜூன் மாதம் இருந்திருக்கிறேன். என் அக்கா ஊரிலிருந்து வந்த உற்சாகத்தில் பால்கனியில் வடாம் பிழிந்தார். ஐந்து நாள் ஆகியும் பிழிந்தது பிழிந்தபடி, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. ஆறாம் நாள் தட்டோடு காரில் ஏற்றி குன்றுகளுக்குக் கிழக்கே உள்ள லிவர்மோரில் ஒரு நண்பர் வீட்டுக் கொல்லையில் வைத்தோம், ஒரே நாளில் சருகாகக் காய்ந்துவிட்டது. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்தான். அன்று மாலை தம்பி மகன் காட்டிய செயற்கைக்கோள் படத்தில், வெள்ளை குன்றுகளின் மேற்குப் பக்கத்தோடு கத்தியால் வெட்டினாற்போல நின்றுவிட்டது. நான் இந்தப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தது அந்த வடாமால்தான்.

கேள்வி: பகலில் சூரிய வெளிச்சத்தில் படம் எடுக்கிறது, சரி. இரவில் பனியை எப்படிப் பார்க்கிறது? அகச்சிவப்பு என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.
இயற்பியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: விவரமாகவே பார்ப்போம் தம்பி, எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

சாதாரண அகச்சிவப்புப் படம் வெப்பநிலையைப் பார்க்கிறது. இடிமேகத்தின் உச்சி மைனஸ் 60 டிகிரி, கீழே கடல் 28 டிகிரி என்றால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். புயல் படங்கள் அவ்வளவு அழகாக வருவது அதனால்தான். பனியின் கதை வேறு. அதன் உச்சியே தரையிலிருந்து சில நூறு மீட்டரில் இருக்கிறது, அதன் வெப்பநிலை கிட்டத்தட்டக் கடலின் வெப்பநிலையேதான். சில சமயம் மூடிக்காற்றின் புண்ணியத்தில் தரையைவிடச் சூடாகக்கூட இருக்கும். ஆக, அகச்சிவப்புப் படத்தில் சாம்பல் மேல் சாம்பல், பூனை ராத்திரியில் கறுப்புக் கம்பளத்தில் படுத்த மாதிரி, இருக்கிறது ஆனால் தெரியாது.

இங்கேதான் ஒரு தந்திரம். எந்தப் பொருளும் தன் வெப்பத்தைக் கதிராக விடுகிறது, ஆனால் எல்லா அலைநீளத்திலும் ஒரே தாராளத்தோடு விடுவதில்லை. பனித்துளி பத்து, இருபது மைக்ரோமீட்டர் அளவுள்ள பொடித் தண்ணீர். அது 10.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் தன் வெப்பத்தைக் கிட்டத்தட்ட முழுசாக வெளியே விடுகிறது. 3.9 மைக்ரோமீட்டரில் கொஞ்சம் கஞ்சத்தனம் செய்கிறது. அதனால் ஒரே பனியை இரண்டு சேனலில், அதாவது இந்த இரண்டு அலைநீளங்களிலும் தனித்தனியாக அளந்தால், 3.9 சேனல் அதை இரண்டு மூன்று டிகிரி, சில நேரம் அதற்கும் மேலே, குறைவாகக் காட்டும். திறந்த கடலும் செடி கொடி உள்ள தரையும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தரும். எனவே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டால் மற்றதெல்லாம் பூஜ்யத்தை ஒட்டி ஒடுங்கிவிடும், பனி மட்டும் தலை தூக்கும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாத இரண்டு படங்களைக் கழித்ததும் ஒளிந்திருந்தது வெளியே வந்து நிற்கிறது. இந்த வழியை 1980-களின் நடுவிலேயே, துருவங்களுக்கு மேலாகச் சுற்றிவரும் துருவப்பாதைச் செயற்கைக்கோள்களில் செய்து காட்டிவிட்டார்கள், 90-களில், ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கும் வந்துவிட்டது.

இப்போது இதற்கு வண்ணம் பூசிய வடிவம் ஒன்றும் இருக்கிறது. 12.3-க்கும் 10.3-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சிவப்பாகவும், 10.3-க்கும் 3.9-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பச்சையாகவும், 10.3-இன் வெப்பநிலையை நீலமாகவும் கலக்கிறார்கள். கலிபோர்னியாக் கரையில் தாழ்மேகமும் பனியும் அதில் வெளிர் பச்சை கலந்த நீலமாக, நம் மயில்கழுத்து நிறத்தைப் பாலில் கரைத்த மாதிரி வரும்.

தந்திரம் ஏமாறும் இடங்களும் உண்டு. பாலைவன மணலில் இருக்கும் குவார்ட்ஸும் 3.9-இல் இதே கஞ்சத்தனம் செய்யும், எனவே மொஹாவி பாலைவனத்தில் பனியே இல்லாத இரவில் பனி மாதிரி ஒரு திட்டு தெரியும். மேலே மெல்லிய உயர்மேகம் ஒன்று போனால் கீழே உள்ளது மறைந்துவிடும். எல்லாவற்றையும்விட எரிச்சல் விடியற்காலைதான். சூரியன் எழுந்ததும் 3.9 சேனலில் சூரிய ஒளியின் எதிரொளிப்பும் வந்து சேர்கிறது, பனி அதில் நன்றாகவே எதிரொளிக்கும். இரவெல்லாம் குறைவாகக் காட்டிய சேனல் இப்போது கூடுதலாகக் காட்ட ஆரம்பிக்கிறது. குறைவிலிருந்து கூடுதலுக்குப் போகும் வழியில் பூஜ்யத்தைத் தாண்ட வேண்டுமே, அந்தக் கொஞ்ச நேரம் பனி படத்திலிருந்து காணாமல் போய்விடும். ஊரே ஆபீஸுக்குக் கிளம்பும் நேரத்தில்! பனி விலகிவிட்டது என்று நம்பி வண்டியை எடுத்துவிடாதீர்கள், பத்து இருபது நிமிடம் பொறுத்தால் சாதாரணப் படத்திலேயே தெரிய ஆரம்பிக்கும்.

கேள்வி: இரவுப் படத்தில் ஓக்லண்டின் மேல் பனி நீலமாக மூடியிருக்கிறது, ஆனால் அதன் ஊடாக ஊர் விளக்குகள் பளபளவென்று தெரிகின்றன. அவ்வளவு மெல்லிய பனியா?
வாசகர், சான் ஹோசே

பதில்: நானும் ஒரு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பார்ப்பது ஜியோகலர் என்ற படம். அதில் வரும் விளக்குகள் அந்த நேரத்து விளக்குகளே இல்லை, முன்பே எடுத்துத் தயாரித்து வைத்த ஒரு நிலையான வரைபடத்தை, திசை தெரியட்டுமே என்று அடியில் ஒட்டியிருக்கிறார்கள். ஊரெல்லாம் மின்வெட்டு என்றாலும் அதில் விளக்கு எரியும்.

நிஜ விளக்கைப் பார்க்க வேண்டுமென்றால் சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகிய துருவப்பாதைச் செயற்கைக்கோள்களில் உள்ள வியர்ஸ் கருவியின் இரவுப் படம் இருக்கிறது. நிலவொளி போதும் அதற்கு, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் பனி பகல் மாதிரியே வெள்ளையாக விழும், அடியில் ஊர் இருந்தால் விளக்கொளி பஞ்சில் கசிந்த மாதிரிப் பரவித் தெரியும். ஆனால் அவை ஒவ்வொன்றும் ஓர் இரவில் ஒன்றிரண்டு முறைதான் அந்தப் பக்கம் வரும்.

கேள்வி: அப்பா அம்மா வந்த விமானம் சான்பிரான்சிஸ்கோவில் இறங்க இரண்டு மணி நேரம் தாமதம், காரணம் தாழ்மேகமாம். எங்கள் ஊரில் சுள்ளென்று வெயில்! மழையா புயலா, வெறும் மேகத்துக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?
வாசகி, சன்னிவேல்

பதில்: பெரியவர்களுக்குக் கால் வீங்கியிருக்கும், பாவம். பழி மேகத்தின்மேல் பாதி, ஓடுபாதையின்மேல் பாதி. அந்த விமான நிலையத்தில் விமானங்கள் வழக்கமாக இறங்கும் இரண்டு ஓடுபாதைகளும் பக்கத்துப் பக்கத்தில் இணையாக ஓடுகின்றன, நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 750 அடி, அதாவது 229 மீட்டர்தான் இடைவெளி. வானம் தெளிவாக இருந்தால் இரண்டு விமானிகளும் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்துக்கொண்டு ஜோடியாக இறங்குவார்கள், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்கள் பக்கத்து விமானத்தில் இருப்பவருக்குக் கை காட்டலாம் போல இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 60 விமானங்கள் இறங்கும். மேகம் தாழ்ந்து, கண்ணால் பார்க்க முடியாது என்று ஆகிவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான், மணிக்குச் சுமார் 30. மீதி 30 என்ன ஆகும்? நியூயார்க்கிலும் சிகாகோவிலும் கிளம்பும் இடத்திலேயே நிறுத்தி வைப்பார்கள். உங்கள் ஊரில் வெயில், அங்கே மேகம் என்பதற்குக் காரணம் சான் புரூனோ பள்ளம், அந்தத் தாழ்ந்த இடைவெளி வழியாகக் கடல்காற்று நேராக விமான நிலையத்துக்கு வந்துவிடுகிறது. சன்னிவேலுக்கு அது வருவதற்குள் மலை மறித்துவிடும்.

எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை மணிக்கு விலகும்? இதற்குச் செயற்கைக்கோள் நிஜமாகவே உதவுகிறது. காலைப் படங்களை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக ஓட்டிப் பாருங்கள், மேகத்திட்டு நடுவில் ஓட்டை விழுந்து கலைவது அபூர்வம், ஓரத்திலிருந்து உள்ளே தேய்ந்துகொண்டே வரும். தோசைக்கல்லில் வெண்ணெய் ஓரமாக உருகுவது போல. ஓரத்தில் வெயில் பட்ட தரை சூடாகி, அந்தக் காற்று பக்கவாட்டில் மேகத்துக்குள் கலந்து அதை உலர்த்துகிறது. திட்டு பெரிதாக இருந்தால் நடு ஊர் கடைசியில்தான் வெயில் பார்க்கும். அதோடு படத்தில் மேகம் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறதோ அவ்வளவு கனம், அவ்வளவு தாமதமாக விலகும். இந்த விமான நிலையத்துக்கென்றே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லிங்கன் ஆய்வகம் ஒரு கணிப்பு முறை செய்து கொடுத்தது. நாலு மாடல்களைக் கலந்து விலகும் நேரத்தைச் சொன்னது அது, நாலில் ஒன்று இந்தச் செயற்கைக்கோள் பிரகாசத்தை வைத்தே கணக்குப் போட்டது.

அடுத்த முறை கோடையில் டிக்கெட் எடுத்தால் மத்தியானம் தாண்டி இறங்குகிற மாதிரி எடுங்கள். காலை பத்து மணி விமானம் என்பது சூதாட்டம்.

கேள்வி: இந்தப் படங்களை எடுப்பது எந்தச் செயற்கைக்கோள்? எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும்?
வாசகர், திருச்சி

பதில்: இப்போது அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருப்பது கோஸ்-18 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள். 2022 மார்ச் 1-இல் ஏவப்பட்டு, 2023 ஜனவரி 4 முதல் மேற்குப் பக்கக் காவலுக்கு நிற்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், மேற்குத் தீர்க்கரேகை 137-ஐ ஒட்டி ஆடாமல் அசையாமல் நின்று பார்க்கிறது. அதன் கண்ணுக்கு 16 சேனல்கள். சிவப்பு ஒளிச் சேனலில் அரை கி.மீ., அகச்சிவப்பில் 2 கி.மீ. அளவுக்குத் தெரியும் என்பது நேர் கீழே உள்ள இடத்துக்கு, கலிபோர்னியா வடக்கே சாய்வில் இருப்பதால் கொஞ்சம் கூடும். அமெரிக்க மேற்குப் பகுதிக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம், வேண்டுமென்றால் ஒரு சின்னக் கட்டத்தை நிமிடத்துக்கு ஒருமுறை.

இதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்த கோஸ்-17-இன் கதை சோகம். கண்ணைக் குளிர்விக்கும் குழாயில் கோளாறு, பகலும் இரவும் சமமாக இருக்கும் சமஇரவு நாட்களை ஒட்டிய வாரங்களில் இரவு நேரத்தில் வெயில் நேராகக் கருவிக்குள் விழுந்து சூடேறி, சில அகச்சிவப்புச் சேனல்கள் சில மணி நேரம் மங்கிப்போகும்.

கேள்வி: நம் கடலில் இப்படிப் பனி வருவதில்லையே, ஏன்?
மீனவர் குடும்பத்து வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நம் கடல் வெதுவெதுப்பு. வங்காள விரிகுடாவில் தண்ணீர் பெரும்பாலும் 27, 28 டிகிரிக்கு மேலேதான், காற்று அதன்மேல் ஓடினால் குளிர்வதற்குப் பதிலாகச் சூடாகி மேலே கிளம்பும். தென்மேற்குப் பருவத்தில் கன்னியாகுமரிப் பக்கம் ஆழத்துத் தண்ணீர் மேலே வந்து கொஞ்சம் குளிர்வது உண்டு, கலிபோர்னியா அளவுக்கு இல்லை.

நம் பக்கம் வருவது தரையில் பிறக்கும் பனி. காற்றில்லாத தெளிந்த இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிரும், அதை ஒட்டிய ஈரக்காற்று பனியாகும், எட்டு மணி வெயிலுக்குப் போய்விடும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். போகியன்று பழைய பாயும் டயரும் எரித்த புகை அதோடு சேர்ந்துகொண்டால் மீனம்பாக்கத்தில் விமானம் தாமதம். நம்மூரில் படத்தில் பார்க்கிற அளவுக்குப் பனி வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரியில் கங்கைச் சமவெளியைப் பாருங்கள். பஞ்சாபில் தொடங்கி பீகார் தாண்டி வங்கதேசம் வரை வெள்ளைப் பட்டை, வடக்கு ஓரம் இமயமலை அடிவாரத்தோடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கும். இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவிய இன்சாட்-3டிஎஸ் இரண்டும் அதைப் பார்க்கின்றன. அவற்றின் நடு அகச்சிவப்புச் சேனல் 4 கி.மீ. நுணுக்கம் என்பதால் சின்ன ஊர் ஒன்றின்மேல் மட்டும் நிற்கும் பனி அதில் விழாது. மேலே சொன்ன கழித்தல் கணக்குதான் அங்கேயும்.

கேள்வி: செம்மரக் காடுகள் பனியைக் குடித்துத்தான் வாழ்கின்றனவாம், பனி குறைந்துகொண்டே வருகிறதாம். செயற்கைக்கோள் இதை நிரூபித்துவிட்டதா?
வாசகி, சான்டா குரூஸ்

பதில்: முதல் பாதி சரி. ரெட்வுட் மரத்தின் ஊசியிலைகளில் பனி படிந்து சொட்டுச் சொட்டாக அடியில் விழுவதை டாட் டாசன் என்ற ஆய்வாளர் அளந்து 1998-இல் எழுதினார், அவர் பார்த்த காட்டில் ஓராண்டில் வந்து சேரும் தண்ணீரில் 34 சதவீதம் இந்தச் சொட்டு. கோடையில் மழையே இல்லாத ஊரில் அது சாதாரணமில்லை. நம்மூர்ச் செம்மரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பெயரைப் பார்த்துப் போன முறையே ஒருவர் குழம்பிவிட்டார்.

இரண்டாம் பாதியில் செயற்கைக்கோளுக்குப் பங்கு இல்லை. 2010-இல் ஜான்ஸ்டோனும் டாசனும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் கோடைப் பனி சுமார் 33 சதவீதம் குறைந்திருக்கிறது என்று எழுதினார்கள். அவர்கள் நம்பியது ஆர்கேட்டா, மான்டெரே விமான நிலையங்களின் மேக உயரப் பதிவுகளையும், அதற்கு முந்தைய காலத்துக்கு வெப்பநிலைப் பதிவுகளையும். காரணம் எளிது, முதல் வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1 போனதே 1960 ஏப்ரலில், நூறு வருடக் கதையை அது எப்படிச் சொல்லும்?

செயற்கைக்கோள் வேறொன்றைச் சொல்லும்: எந்த மலைச்சரிவுக்கு எத்தனை மணி நேரம். விமான நிலையத்துக் கருவிக்குத் தன் தலைக்கு மேலே உள்ள வானம்தான் தெரியும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினர் 1999 முதல் 2009 வரையிலான கோடைகளின் மணிக்கொரு கோஸ் படங்களைச் சேர்த்து, வட, நடுக் கலிபோர்னியாக் கரையில் ஒவ்வொரு இடமும் நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் மேகத்தின் கீழ் இருக்கிறது என்று வரைபடம் போட்டார்கள். கவனியுங்கள், அவர்கள் அதற்கு வைத்த பெயரிலேயே பனியும் தாழ்மேகமும் என்று இரண்டையும் சேர்த்துத்தான் வைத்தார்கள். பிரிக்க முடியாது என்பதை மறைக்காமல் சொன்ன அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அதோடு மரத்துக்கு மேகம் தொட்டால் தண்ணீர், தொடாவிட்டாலும் நிழல், இரண்டும் லாபம்தான்.

கேள்வி: கடல்மேகத்தில் நகத்தால் கீறிய மாதிரி வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. விமானப் புகையா?
பள்ளி மாணவர், ஃபாஸ்டர் சிட்டி

பதில்: கப்பல் புகை! புகையிலுள்ள பொடித்துகள்கள்மேல் ஈரம் பங்கு போட்டுக்கொள்வதால் நிறைய சின்னச் சின்னத் துளிகள் உண்டாகி, அந்த இடம் மட்டும் கூடுதல் வெள்ளையாகிறது. 1960-களிலேயே டைரோஸ் படங்களில் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பகலில் 3.9 சேனலைப் பார், இன்னும் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: நானும் பார்க்க வேண்டும். காசு கட்ட வேண்டுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?
வாசகர், விருதுநகர்

பதில்: ஒரு பைசா வேண்டாம். கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்தின் சிரா நிறுவனம் நடத்தும் ஸ்லைடர் என்ற தளத்தில் கோஸ் படங்களையும் ஜப்பானின் ஹிமாவாரி படங்களையும் ஓட்டிப் பார்க்கலாம், அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் சொந்தத் தளமும் உண்டு. நம்மூருக்கு இந்திய வானிலைத் துறையின் ரேபிட், இஸ்ரோவின் மாஸ்டாக். கை துறுதுறுக்கும் ஆட்கள் ஒரு தட்டு ஆன்டெனாவும் மலிவான ரேடியோ டாங்கிளும் வைத்து 1694.1 மெகாஹெர்ட்ஸில் கோஸ் படத்தை நேரடியாகவே இறக்குகிறார்கள். ஆனால் கோஸ் அமெரிக்காவின் பக்கம் நிற்பதால் விருதுநகர் மொட்டை மாடிக்கு அது எட்டாது, ஆசைப்பட்டு ஆன்டெனா வாங்கிவிடாதீர்கள்.

முதல் நாளே வண்ணப் படத்துக்குப் போகாமல் காலை ஏழரை, எட்டு மணி கலிபோர்னியா நேரத்துச் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தை ஓட்டுங்கள். பனியும் தாழ்மேகமும் மழமழவென்று, ஓரம் மலையின் வளைவுக்கு அப்படியே பொருந்தியிருக்கும், பள்ளத்தாக்குகளில் விரல் விட்ட மாதிரி உள்ளே போயிருக்கும். உயர்மேகம் நகர்ந்துகொண்டே இருக்கும், நிழல் விழும், நார் நாராக இருக்கும். ஒரு வாரம் பார்த்தால் கண் பழகிவிடும்.

கேள்வி: இத்தனை செயற்கைக்கோள் வந்த பிறகும் கோல்டன் கேட் பாலத்தில் பனிச்சங்கு ஊதுகிறார்களே, பழக்கதோஷமா?
வாசகர், டேலி சிட்டி

பதில்: கப்பல் ஓட்டுபவர் மேகத்தின் முதுகில் போகவில்லையே, வயிற்றுக்குள் போகிறார். 1901 பிப்ரவரி 22 விடியலில் சிட்டி ஆஃப் ரியோ டி ஜெனிரோ என்ற கப்பல் பனிக்குள், விரிகுடாவுக்குள் நுழையும் அந்த வாசலில் பாறையில் மோதி மூழ்கியதில் 128 பேர் இறந்தார்கள். அப்போது பாலமே இல்லை.

இப்போது பாலத்தின் நடுவில் ஒரு சங்கு, தெற்குக் கோபுரத்தடியில் ஒன்று, இரண்டும் வேறு வேறு சுருதி. உள்ளே வரும் கப்பல் தெற்குச் சங்குக்கு இடப்பக்கமாகவும் நடுச் சங்குக்கு வலப்பக்கமாகவும் போக வேண்டும், வெளியே போகும்போது தலைகீழ். கோடையில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல்கூட ஊதும். தம்பி வீட்டில் முதல் நாள் இரவு தூரத்தில் அதைக் கேட்ட என் அக்கா, பக்கத்தில் மாட்டுத்தொழுவம் இருக்கிறதா என்று கேட்டார்.